மாமாவும் நானும் எக் தீவும்

மே 17, புதன்: கிளாஸ்கோ – மாலெய்க்

மாமா ரயிலுக்காக வந்தார், நான் படத்துக்காக வந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் புகைப்படப் பயணம் என்று ஆரம்பித்துவிட்டு ஏன் தண்டவாளத்தையே பிடித்துக்கொண்டு போகிறான் என்று கேட்பீர்கள். மாமா என்றால் மனைவியின் அப்பா. தெற்கு ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மான்செஸ்டரில் எங்கள் வீட்டுக்கு வந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து மழையை எண்ணிக்கொண்டிருந்தார். மனைவிக்கு ஆஸ்பத்திரி டூட்டி. "நான் எக் தீவுக்குப் படம் எடுக்கப் போறேன், வரீங்களா மாமா?" என்று கேட்டபோது ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் இருக்கும் அந்தச் சின்னத் தீவைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "ரயில் எதுவரைக்கும் போகுது?" என்றார்.

ரயில் கிளாஸ்கோவிலிருந்து மாலெய்க் என்ற துறைமுகம் வரை போகிறது. 264 கிலோமீட்டர், ஐந்தே கால் மணி நேரம். "அப்ப நம்ம பாசஞ்சர் வண்டிதான்" என்று மாமா திருப்தியாகச் சொன்னார். நாலு பெட்டி டீசல் வண்டி. ஹெலன்ஸ்பர்க் தாண்டியதும் இரட்டைப் பாதை முடிந்து ஒற்றைப் பாதை ஆகிவிடுகிறது. இடது பக்கம் கடல் உள்ளே நுழைந்து நிற்கும் நீண்ட நீர்ப்பரப்புகள், வலது பக்கம் பாறை, நடுவில் ஒரு ஆள் படுத்தால் நிறைந்துவிடும் அகலத்தில் பாதை. நான் கேமராவை வெளியே எடுத்தேன். மாமா எழுந்து கதவருகே போய் நின்றுகொண்டார்.

கார்லாக்ஹெட் ஸ்டேஷனில் திரும்பி வந்தவர் முகத்தில் குழப்பம். "மாப்பிள்ளை, இது சிங்கிள் லைன். நம்ம டிரைவருக்கு டோக்கன் யாரு குடுத்தா? பிளாட்பாரத்துல ஒரு ஆளும் இல்லையே?"

ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டி எதிரெதிரே வந்துவிடாமலிருக்க டிரைவருக்குக் கொடுக்கும் அனுமதிதான் டோக்கன். அதை யார் கொடுத்தார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? டிக்கெட் பரிசோதிக்க வந்த பெண்ணிடம் கேட்டேன். அவருக்கு இப்படி ஒரு கேள்வி கிடைத்ததில் ஒரே சந்தோஷம். இந்தத் தடத்தில் டோக்கன் ரேடியோ வழியாக வருகிறது. ஃபோர்ட் வில்லியம் பக்கத்தில் பனவி என்ற இடத்திலிருந்து ஒருவர் அனுப்புவார், டிரைவரின் பெட்டியில் உள்ள திரையில் அது தெரியும், அடுத்த இடத்துக்குப் போனதும் டிரைவர் அதை ரேடியோவிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவார் என்றார். நான் தமிழில் சொல்லச் சொல்ல மாமா கண்ணை மூடிக் கேட்டார்.

"ஒரே இடத்துல உட்கார்ந்துகிட்டு முழு லைனுக்குமா? அப்ப ராத்திரி ரெண்டு மணிக்கு லாந்தரைத் தூக்கிக்கிட்டு ஓட ஆளே வேண்டாம்!"

அது மகிழ்ச்சியா, வருத்தமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அப்புறம் அந்தப் பெண்ணுக்கு இரண்டு கையாலும் பந்து டோக்கனின் அளவைக் காட்டினார். இரும்புப் பந்து, தோல் பை, பையைக் கோத்த பிரம்பு வளையம், நிற்காமல் போகும் வண்டியிலிருந்து உதவி டிரைவர் கையை நீட்டி வளையத்தை மாட்டிக்கொண்டு போவது, எல்லாம் நடித்தே காட்டினார். பக்கத்து சீட்டுக்காரர்கள் பேப்பரை இறக்கிவிட்டுப் பார்த்தார்கள்.

கிரியன்லாரிக்கில் வண்டி இரண்டாகப் பிரிகிறது. முன்பாதி ஓபனுக்குப் போய்விடும், பின்பாதி நாங்கள். அதற்குப் பிறகுதான் இந்தப் பாதையின் பேர் பெற்ற பகுதி. பென் டோரன் மலையடிவாரத்தில் பள்ளத்தாக்கை நேராகக் கடக்கப் பாலம் கட்டக் காசில்லாமல், லாடம் போல வளைத்துச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். வந்த பாதை எதிர்ப்பக்கம் தெரிகிறது. அதைத் தாண்டினால் ரானக் மூர். பழுப்பும் கறுப்புமாய், மரமே இல்லாத சதுப்பு, அங்கங்கே தேங்கிய நீர். 1894-இல் இந்தத் தடம் திறக்கப்பட்டது. தரை உள்வாங்கிக்கொண்டே இருந்ததால் மரக்கிளை, வேர், புதர் எல்லாவற்றையும் பரப்பி, அதன் மேல் ஆயிரக்கணக்கான டன் மண்ணையும் சாம்பலையும் கொட்டித் தண்டவாளத்தைப் போட்டார்கள். அதாவது தடம் இன்றும் சதுப்பின் மேல் மிதக்கிறது. கொரூர் ஸ்டேஷன் 400 மீட்டர் உயரத்துக்கு மேல் இருக்கிறது; பொதுச் சாலை அதன் அருகில் எங்கும் கிடையாது. இறங்கிய இரண்டு பேர் மலை ஏறுகிறவர்கள். வேலிக்கு அந்தப் பக்கம் கொம்புள்ள மான் ஒன்று வண்டியைப் பார்த்துக்கொண்டே மென்றது.

படம் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று: ஓடும் ரயிலின் ஜன்னல் வழியாக நல்ல படம் வராது. கண்ணாடியில் நம் முகம்தான் தெரியும். மாமாவின் மஃப்ளரை லென்ஸைச் சுற்றிக் கண்ணாடியோடு ஒட்டிவைத்தேன். ஓரளவு தேவலை. வெளியே அடித்த மழைக் கோடுகளுக்கு வழியில்லை.

ஃபோர்ட் வில்லியத்தில் டிரைவர் மறுமுனைக்குப் போக, வண்டி வந்த பக்கமே திரும்பிப் புறப்படும். இடது ஜன்னல் வலது ஜன்னல் ஆகிவிடும். விவரம் தெரிந்தவர்கள் வண்டி நிற்பதற்குள் சீட் மாறிவிட்டார்கள். காரணம் கிளென்ஃபினன் பாலம். மந்திரப் பள்ளிக்கூடத்துக்கு ரயில் போகும் அந்தப் படங்களில் வருமே, அதே பாலம். அது வந்ததும் பெட்டியே ஒரு பக்கம் சாய்ந்தது. 21 கண், 380 மீட்டர் நீளம், அதிலும் ஒரே வளைவு. 1901-இல் இந்தத் தடம் திறந்தபோது கட்டி முடிந்திருந்தது. கம்பியே இல்லாத கான்கிரீட் என்று சொன்னேன்.

"கம்பி இல்லாமலா?" மாமா பாலத்தைக் குனிந்து பார்த்தார். "நம்ம செங்கோட்டை லைன்ல கழுதுருட்டிப் பதிமூணு கண் பாலம், கல்லு. அதுவும் கிட்டத்தட்ட இதே காலந்தான்." பிறகு எதிரே குன்றின் மேல் வரிசையாக நின்று எங்கள் வண்டியைப் படம் எடுத்துக்கொண்டிருந்த கூட்டத்துக்குக் கையாட்டினார். அவர்கள் காத்திருந்தது நீராவி வண்டிக்கு. எங்களை எடுத்தது ஃபோகஸ் சரிபார்க்க.

மாலெய்க்கில் சாரல். துறைமுகத்தில் ஹாடக் மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் 13 பவுண்டு 50. மாமா மனதுக்குள் ரூபாயாக்கிப் பார்த்துவிட்டு ஒரு நிமிடம் பேசவில்லை. மீன் அருமை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். கடற்காகம் ஒன்று பின்னால் இருந்து வந்து என் தோளை உரசியபடி மீனில் பாதியைத் தூக்கிக்கொண்டு போயிற்று. ஊர்க்காரர்கள் யாரும் வெளியே உட்கார்ந்து சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மே 18, வியாழன்: மாலெய்க் – எக்

தங்கிய வீட்டில் காலை உணவுக்கு கிப்பர். உப்பில் ஊறவைத்துப் புகைபோட்ட ஹெர்ரிங் மீன். ஒருகாலத்தில் இந்த ஊரே ஹெர்ரிங்கால் வாழ்ந்தது. அம்மாள் தட்டைக் கொண்டுவரும்போதே வாசனை படியேறி வந்துவிட்டது. மாமா முள்ளை ஒரே இழுப்பில் உருவி, ஒரு துண்டு வாயில் போட்டு, "கருவாட்டுக்குத் தம்பி முறை" என்றார். அப்புறம் கைப்பையிலிருந்து எலுமிச்சை ஊறுகாய் வெளியே வந்தது. அம்மாள் ஒரு துளி கேட்டு வாங்கி நாக்கில் வைத்து, கண் கலங்கி, "லவ்லி" என்றார். இந்த நாட்டில் அந்தச் சொல்லை எதற்கும் சொல்வார்கள்.

எக்குக்குப் போகும் கப்பல் சிறியது. எல்லா நாளும் எல்லாத் தீவுக்கும் போகாது. ரம், கன்னா, மக், எக் ஆகிய நாலுக்கும் முறை வைத்து ஓடுகிறது. பயணிகளைவிடச் சாமான்தான் அதிகம்: ரொட்டிப் பெட்டிகள், சிமெண்ட் மூட்டை, ஒரு துணி துவைக்கும் இயந்திரம், தபால் பைகள். வெளியூர்க்காரர்கள் காரை எக்குக்குக் கொண்டுபோக முடியாது. ஒன்றேகால் மணி நேரம். வலப்பக்கம் ஸ்கை தீவின் பச்சை, பின்னால் நாய்டார்ட் மலைகள், எதிரே எக்கின் ஸ்கூர் மலை. 393 மீட்டர்தான். ஆனால் கடலிலிருந்து நேரே எழும்பும் கறுப்புப் பாறை என்பதால் அந்த உயரம் இரண்டு மடங்காகத் தெரிகிறது. சுமார் 5 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளத்தாக்கை எரிமலைக் குழம்பு நிரப்பியது. பிறகு சுற்றியிருந்த நிலம் கரைந்து போக, பள்ளத்தில் கிடந்தது மட்டும் மிஞ்சி மலையாகிவிட்டது.

துறையில் வேனோடு நின்ற டிரைவருக்கு எங்கள் வருகை ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஊருக்கே தெரிந்திருந்தது போல. 110 பேர் அளவில் வாழும் தீவு. கிளீடேல் போகும் ஒரே சாலையில் எதிரே வந்த வண்டிகள் எல்லாம் வேகம் குறைத்தன. ஓட்டுகிறவர்கள் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்தினார்கள். மாமா ஒவ்வொருவருக்கும் இரண்டு கையும் கூப்பினார். தீவிலிருந்து கிளம்புவதற்குள் இரண்டு பேர் அவருக்குத் திருப்பிக் கை கூப்பியதைப் பார்த்தேன்.

டிரைவர் சொன்ன கதை இது. தீவு ஒரு காலத்தில் ஒரே ஆளுக்குச் சொந்தம். முதலில் ஒரு பணக்காரத் தொழிலதிபர், பிறகு ஒரு ஜெர்மன் ஓவியர். குடியிருந்தவர்கள் தங்கள் வீட்டுக்கு நீண்டகாலப் பத்திரம்கூட இல்லாமல் இருந்தார்கள். கடைசியில் உலகமெங்கும் நன்கொடை திரட்டி, 15 லட்சம் பவுண்டுக்குத் தீவை வாங்கினார்கள். 1997 ஜூன் 12. அதில் பெரும் பங்கு கொடுத்த பெண்மணி பெயர் சொல்லவில்லை. "பேரு சொல்லாம குடுத்தாங்களா? நம்ம ஊர்ல ட்யூப் லைட்டுலயே உபயம்னு எழுதுவானே" என்றார் மாமா. இதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

எடுத்திருந்த குடில் ஒரு படுக்கையறை, ஒரு அடுப்பு, ஒரு பெரிய ஜன்னல். ஒரு ராத்திரிக்கு 95 பவுண்டு. வீட்டுக்கார அம்மா விதிகளைச் சொன்னார். தீவுக்கு வெளியிலிருந்து மின்கம்பி கிடையாது. 2008 வரை வீட்டுக்கு வீடு டீசல் ஜெனரேட்டர்தான். இப்போது நீர், காற்று, வெயில் மூன்றிலும் மின்சாரம் எடுக்கிறார்கள். ஒரு வீட்டுக்கு ஒரே நேரத்தில் 5 கிலோவாட் வரைதான். அதைத் தாண்டினால் ட்ரிப் ஆகிவிடும். ஆள் வந்து திரும்பப் போட வேண்டும். மாமா பையிலிருந்து குக்கரை எடுத்து அடியைத் திருப்பிப் பார்த்தார். 700 வாட். "கெட்டில் போடும்போது மட்டும் இதை நிறுத்திடலாம் மாப்பிள்ளை." அரிசி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், அப்பளம் எல்லாம் வந்திருப்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். அவர் பை ஏன் அவ்வளவு கனத்தது என்றும்.

சாயங்காலம் லெய்க் கடற்கரை. இந்தத் தீவைப் பற்றி எந்தப் புகைப்படக்காரரிடம் கேட்டாலும் சொல்வது இதைத்தான்: முன்னால் ஈர மணல், பின்னால் கடலுக்கு அப்பால் ரம் தீவின் மலைகள். நான் போனபோது ரம் இல்லை. சாம்பல் நிறச் சுவர் ஒன்று மட்டும் இருந்தது. ஆனால் மணல் இருந்தது. கறுப்பு பசால்ட் துகளும் வெளிறிய மணலும் கலந்து கிடக்க, ஓடைநீர் அவற்றைப் பிரித்துப் பிரித்துக் கோடாக இழுத்துக்கொண்டு போயிருந்தது. நரம்பு நரம்பாய், ஒவ்வொரு நரம்பும் இரண்டு விரல் அகலம். குனிந்தவன் ஒன்பதரை மணி வரை நிமிரவில்லை. மே மாதத்தில் இங்கே பத்து மணி வரை வெளிச்சம் இருக்கிறது. மாமா கரையில் நின்று, "மலையைத் தேடி வந்துட்டு மண்ணை எடுக்கிறீங்களே" என்றார்.

மே 19, வெள்ளி: எக்

விடியற்காலை ஐந்து மணி. காற்று சுத்தமாக நின்றுவிட்டது, கடல் தகடு மாதிரி கிடந்தது. ரம் முழுதாகத் தெரிந்தது. அஸ்கிவல் சிகரம், 812 மீட்டர், தலையில் மட்டும் ஒரு துண்டு மேகம். ஆனால் காற்று இல்லாவிட்டால் மிட்ஜ் வரும். பொடிக் கொசு, கொசுவின் குஞ்சு என்று சொல்லலாம். கூட்டமாக வந்து காதுக்குள், கண்ணிமையில், லென்ஸின் மேல் உட்காரும். ஃபில்டரைச் செருகக் கையுறையைக் கழற்றிய அரை நிமிடத்தில் மணிக்கட்டு முழுக்கச் சிவப்பு.

அதையும் பொறுத்துக்கொண்டு ட்ரைபாடை ஊன்றினால், மணல் கோடுகளின் நடுவே பூட்ஸ் தடம். ஒன்றல்ல, வரிசை. பயிற்சி வகுப்பு என்று ஒரு குழு எனக்கு முன்பே வந்து, எல்லோரும் ஒரே கோணத்துக்காக ஒரே இடத்தில் நின்று, அப்புறம் இன்னும் கொஞ்சம் முன்னால் போய் நின்று, ஒரு ராத்திரி முழுக்க ஓடை வரைந்ததை மிதித்துத் துவைத்திருந்தது. அவர்களை அழைத்து வந்தவர் என்னைப் பார்த்து மிக மரியாதையாக மன்னிப்புக் கேட்டார். கேட்டுவிட்டு மறுபடி நடுவில் நடந்து போனார். எதற்கும் மன்னிப்பு கேட்டுவிட்டால் தீர்ந்தது என்ற பழக்கம் இந்த நாட்டில் கொஞ்சம் அதிகம்தான்.

எரிச்சலோடு குடிலுக்குத் திரும்பினேன். மாமா காபி போட்டுக்கொண்டிருந்தார். "அடுத்த அலை எப்ப ஏறும்?" என்றார். சொன்னேன். "அது வந்து அழிச்சிட்டுப் போகட்டும். லைன் கிளியர் இல்லாம வண்டியை எடுத்தா இப்படித்தான்."

மத்தியானம் வடக்கே பாடும் மணலுக்கு நடந்தோம். குவார்ட்ஸ் மணல், காய்ந்திருக்கும்போது குதிகாலைத் தேய்த்தால் கீச்சென்று சத்தம் வரும். மாமா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கரையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை கீச் கீச் என்று போய் வந்தார். எழுபதை நெருங்கும் மனிதர். நான் அதை வீடியோவே எடுத்துவிட்டேன்.

வரும் வழியில் வேலியோரம் ஒரு பெட்டியில் முட்டை. ஆறு முட்டை 2 பவுண்டு, பக்கத்தில் உண்டியல், ஆள் இல்லை. மாமா காசைப் போட்டுவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தார், போட்டதை யாராவது பார்த்தார்களா என்று.

மே 20, சனி: எக்

இன்று கிளம்ப வேண்டியது. ராத்திரியே காற்று திசை மாறிக் கூரையை உலுக்க ஆரம்பித்தது. காலை ஏழு மணிக்கு வீட்டுக்கார அம்மா கதவைத் தட்டி, கப்பல் இன்றைக்கு இல்லை என்றார். திங்கள்வரை இருக்கலாம், வாடகையில் பாதி போதும் என்றார். பேரம் பேசாமல் விலை குறைந்த ஒரே இடம் இதுதான்.

மான்செஸ்டர் ரயில் டிக்கெட், திங்கள் காலை ஆபீஸ் மீட்டிங், எல்லாம் எனக்குத் தலைக்குள் ஓடிற்று. போனில் சிக்னல் ஒரு கோடு வந்து வந்து போயிற்று. மாமா அப்பளம் சுட்டுக்கொண்டே, மானாமதுரைப் பக்கம் வெள்ளத்தில் தண்டவாளம் அடித்துப் போய், ஒரு பாசஞ்சர் வண்டி ஸ்டேஷனிலேயே நின்றுவிட்ட கதையைச் சொன்னார். ஊர்க்காரர்கள் கஞ்சி காய்ச்சி வந்து கொடுத்தார்களாம். "டிரைவரும் கார்டும் ஆடுபுலி ஆட்டம் ஆடினாங்க. வேற என்ன பண்றது?"

பத்து மணிக்கு ஜன்னல் வழியாகத் தற்செயலாக மலைப்பக்கம் பார்த்தேன். கிளீடேலுக்குப் பின்னால் அரை வட்டமாகச் செங்குத்துப் பாறை நிற்கிறது. ராத்திரி மழையில் அதன் உச்சியிலிருந்து நூல் நூலாக அருவிகள் இறங்கியிருந்தன. ஆனால் ஒன்றுகூடத் தரைக்கு வரவில்லை. பாறையில் மோதி மேலே ஏறிய காற்று, விழும் நீரை விளிம்பிலேயே பிடித்து, அப்படியே மேலே தூக்கிப் பின்னால் வீசிக்கொண்டிருந்தது. ஏழெட்டு இடத்தில் மலையுச்சி புகைந்தது.

கேமராவோடு ஓடினேன். நிற்க முடியவில்லை. ஒரு கல்சுவரின் மறைவில் உட்கார்ந்து, நீண்ட லென்ஸைச் சுவரின் மேல் வைத்து, ஒரு படம் எடுக்க ஒரு தடவை கண்ணாடியைத் துடைத்து, மறுபடி ஒரு படம். ட்ரைபாட் தானாகவே நடக்க ஆரம்பித்தது. மாமா குடையோடு வந்தார். குடை ஒரு நொடியில் மேல்நோக்கி மலர்ந்தது. அதை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் ட்ரைபாடின் மூன்று காலையும் சேர்த்துப் பிடித்தபடி சகதியில் உட்கார்ந்துவிட்டார். ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் நீர் உறைந்து முத்தாகத் தெரிகிறது, குறைத்தால் வெறும் பஞ்சு. இருநூற்றில் ஒரு பங்கு வினாடியில் நீரின் இழையும் தெரிந்தது, அது மேலே போகிறது என்பதும் தெரிந்தது. இந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த படம் அதுதான். இதற்காக யாரும் எக்குக்கு வருவதில்லை.

சாயங்காலம் பக்கத்துக் குடிலில் இருந்த வயதான தம்பதி, எடின்பரோக்காரர்கள், கதவைத் தட்டினார்கள். அவர்களும் இன்று கிளம்ப வேண்டியவர்கள், சாமான் தீர்ந்துவிட்டது. கடையில் ரொட்டி இல்லை, கப்பல் வந்தால்தான் வரும். கையில் ஆறு உருளைக்கிழங்கோடு வந்து, உங்களிடம் கொஞ்சம் வெண்ணெய் இருக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். மாமா உருளைக்கிழங்கை அவர்கள் கையிலிருந்து வாங்கி நறுக்க ஆரம்பித்துவிட்டார். புளியோதரை, உருளை வறுவல், அப்பளம், அவித்த முட்டை. "நோ, நோ, ஐ ஆம் ஃபைன்" என்று அந்தப் பெரியவர் முதல் தடவை சொன்னார். மாமா வைத்தார். இரண்டாம் தடவை சொன்னார். மாமா வைத்தார். மூன்றாம் தடவை தட்டைத் தானே நீட்டினார். குக்கர், கெட்டில், ஹீட்டர் மூன்றும் சேர்ந்து ஓடியும் ட்ரிப் ஆகவில்லை. இப்படிப் புயல் நாளில் மின்சாரம் மிஞ்சிவிடுமாம். மிஞ்சுவதை ஊர்ப்பொதுக் கூடத்தை வெதுவெதுப்பாக வைக்கத் திருப்பிவிடுவார்கள் என்று அந்த அம்மாள் சொன்னார்.

மே 21, ஞாயிறு: எக்

காற்று இறங்கிவிட்டது. நான் மட்டும் ஸ்கூர் மலை மேலே ஏறினேன். மேலே நின்றால் பாறைத் தூண்களின் விளிம்பும் நாலா பக்கமும் தீவுகளும். மூச்சு வாங்கியதில் படம் சுமார்தான்.

மத்தியானம் மாமாவோடு தெற்குக் கரையில் இருக்கும் குகைக்குப் போனேன். 1577-இல் ஸ்கையிலிருந்து மக்ளவுட் குலத்தார் படையெடுத்து வந்தபோது, எக்கின் மக்டொனால்டு குலத்தார் எல்லோரும் இதற்குள் ஒளிந்தார்கள் என்றும், பனியில் பதிந்த காலடி காட்டிக்கொடுத்துவிட, வாசலில் தீ மூட்டி 395 பேரையும் புகையில் கொன்றார்கள் என்றும் சொல்லப்படுகிறது. பிற்காலத்தில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எலும்புகளை நினைவுப் பொருளாக எடுத்துப் போனார்களாம். வாசல் ஒரு ஆள் தவழ்ந்து போகும் அளவுதான்; உள்ளே அகலம். நான் தலையை விட்டுப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். மாமா செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே நின்றிருந்தார். கேமராவைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

ராத்திரி ஒன்பதரைக்கு லெய்க்கில் ரம் தெளிந்தது. சூரியன் அதன் தோளில் இறங்கியது. பயிற்சிக் குழுவும் கப்பல் இல்லாமல் மாட்டிக்கொண்டதால் அங்கேயே இருந்தது; இந்தத் தடவை நான் அவர்களுக்கு முன்னால் போய் நின்றேன். நன்றாக வந்திருக்கிறது. எல்லோரிடமும் இருக்கும் படம்தான்.

மே 22, திங்கள்: எக் – மாலெய்க்

துறையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பையோடு நின்றார்கள். தீவில் தொடக்கப்பள்ளி மட்டும்தான். பெரிய வகுப்புப் பிள்ளைகள் மாலெய்க்கில் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள், வார இறுதிக்கு வீட்டுக்கு வருவார்கள். அம்மாக்கள் ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுவிடப் போக, பிள்ளைகள் நெளிந்தார்கள். கப்பலிலிருந்து ரொட்டிப் பெட்டிகள் இறங்கின. எடின்பரோ அம்மாள் மாமாவிடம் வந்து புளிக்காய்ச்சல் எப்படிச் செய்வது என்று நோட்டுப் புத்தகத்தை நீட்டினார். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். பெருங்காயத்தில் தடுமாறினோம். மாமா தன் டப்பாவிலிருந்து கொஞ்சம் காகிதத்தில் மடித்தே கொடுத்துவிட்டார். கப்பல் முழுக்க அந்த வாசனைதான்.

மாலெய்க்கில் ஸ்டேஷனுக்குப் போவதற்குள் மாமாவின் போனில் சிக்னல் வந்தது. அத்தை ஊரிலிருந்து கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவதுதான் மாமாவின் வழக்கம்.

"எங்கே போயிட்டீங்க, ரெண்டு நாளா போனையே காணோம்?"

"புயல்ல மாட்டிக்கிட்டோம். நல்லாத்தான் இருந்துச்சு. அரிசி பத்துச்சு."

"குளிரா?"

"குளிருதான். ஏ, இங்க டோக்கன் ரேடியோவுல வருது, தெரியுமா? பந்தும் இல்ல, வளையமும் இல்ல."

"அது கிடக்கட்டும், மாப்பிள்ளை படமெல்லாம் நல்லா எடுத்தாரா?"

மாமா என்னை ஒருமுறை பார்த்தார். "எடுத்தாரு, எடுத்தாரு. பாதி நாள் மண்ணைத்தான் எடுத்துக்கிட்டிருந்தாரு."